துணுக்குச் செய்தி அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில், உலகின் மிகப் பெரிய பூசணிக்காய் பற்றிய துணுக்குக்குக் கீழே, 'முன்பின் தெரியாதவர்களின் பிணத்தைச் சுமக்கும் அமெரிக்க மாணவர்கள்' என்று நாலு வரிச் செய்தி வந்திருந்தது. படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. செய்தி தப்பு என்று சொல்ல வரவில்லை, அது இருந்த இடம்தான் தப்பு. நான் கிளீவ்லண்டுக்குப் பக்கத்தில் பல வருடமாகக் குடியிருப்பவள், சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். அந்த நாலு வரியில் வந்த மாதிரி ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கிறான், என் மகன்தான், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளீவ்லண்டில் செயின்ட் இக்னேஷியஸ் என்று ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இயேசு சபைக்காரர்கள் நடத்துவது. திருச்சி தூய வளனார், பாளையங்கோட்டை சவேரியார், சென்னை லயோலா எல்லாம் நடத்துகிறார்களே, அதே சபை. 2003-ல் அந்தப் பள்ளியில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். தூக்க ஆள் இல்லாத சவப்பெட்டியை மாணவர்கள் போய்த் தூக்குவது, அவ்வளவுதான் வேலை. அரிமத்தியா ஊர் யோசேப்பின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலைத் தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையில் வைத்தவர் அவர். இன்று நூற்றுக்கணக்கான பையன்கள் அதில் இருக்கிறார்கள். அதைப் பார்த்து வேறு ஊர்ப் பள்ளிகளும் தொடங்கின, டெட்ராய்ட்டில் உள்ள இயேசு சபைப் பள்ளி 2015-ல் ஆரம்பித்தது, என் மகன் படிக்கிற பள்ளியும் அப்படி ஆரம்பித்ததுதான்.

யாருக்காகப் போகிறார்கள் என்றால், எல்லாரையும் பார்த்து அனுப்பிவிட்டுக் கடைசியில் தனியாக மிஞ்சிய தொண்ணூறு வயதுக் கிழவிக்கும் போகிறார்கள், தெருவில் செத்துக் கிடந்தவருக்கும் போகிறார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு பழைய ராணுவக்காரர்கள். இது எனக்கு முதலில் புரியவே இல்லை. அமெரிக்காவில் விமானத்தில் ஏறும்போதுகூட ராணுவக்காரர்களை முதலில் ஏற்றுகிறார்கள், கடையில் தள்ளுபடி, பேஸ்பால் மைதானத்தில் எழுந்து நின்று கைதட்டல். இவ்வளவு மரியாதை இருக்கிற நாட்டில் அனாதையாகச் சாகிற சிப்பாய் எங்கிருந்து வருகிறார்?

விசாரித்தால்தான் தெரிகிறது. வியட்நாம் போருக்கு இருபத்தேழு லட்சம் பேர் அளவுக்குப் போனார்கள். ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை, அவர்கள் பெயரெல்லாம் வாஷிங்டனில் கறுப்புக் கல் சுவரில் இருக்கிறது. திரும்பி வந்தவர்களைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. வற்புறுத்திப் படைக்கு எடுக்கும் முறை 1973 வரை இருந்தது, பத்தொன்பது இருபது வயதில் கடிதம் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். போய்வந்த பிறகு தூக்கமில்லை, குடி, வேலை நிலைக்கவில்லை, பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு ஊரில் இவர் ஒரு ஊரில், அப்புறம் எந்த ஊரிலும் இல்லை. 2024 ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுக்க எடுத்த கணக்குப்படி வீடில்லாமல் இருந்த முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர். பதினைந்து வருடத்துக்கு முன் இருந்ததில் பாதிக்கும் குறைவு என்று அரசாங்கம் சொல்கிறது, அது உண்மையும்கூட, நல்ல விஷயம். ஆனாலும் முப்பத்திரண்டாயிரம் என்பது ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது ஆஸ்பத்திரிப் பிணவறையில் பெயர்ச் சீட்டோடு கிடக்கிறார்கள், யாரும் வந்து கேட்பதில்லை.

இறுதிச் சடங்கு நிலையங்களின் அலமாரிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் அஸ்திப் பெட்டிகளைத் தேடி, அதில் யார் யார் ராணுவத்தில் இருந்தவர்கள் என்று ஆவணங்களோடு சரிபார்த்து, ராணுவ மயானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வேலையாகச் செய்கிற தன்னார்வலர்களும் இங்கே இருக்கிறார்கள். ஜூவெட் வில்லியம்ஸ் என்று ஒருவர், 1860-களின் உள்நாட்டுப் போரில் மெய்ன் மாநிலப் படைப்பிரிவில் இருந்தவர். 1922-ல் ஓரிகன் மாநிலத்து மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் அஸ்தி அங்கேயே ஒரு செம்பு டப்பாவில் தொண்ணூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 2016-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் தன்னார்வலர்கள், ஒரு மாநிலத்தார் அடுத்த மாநிலத்தாரிடம் கைமாற்றிக் கொடுத்து, நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை கொண்டுபோய்ச் சொந்த மாநிலத்தில் அடக்கம் செய்தார்கள். நம் தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகல்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் பெயர் வெட்டிக் கல் நட்டவர்கள் நாம்.

அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறது, நிறையவே செய்கிறது. ஒழுங்காகப் பணியாற்றி வெளிவந்த எந்தப் படைவீரருக்கும் தேசிய மயானத்தில் இலவச இடம், குழி வெட்டி மூடும் செலவு, பெயர் பொறித்த கல், பெட்டிமேல் போர்த்தக் கொடி எல்லாம் உண்டு. 2000-ம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறது, குடும்பம் கேட்டால் குறைந்தது இரண்டு சீருடைக்காரர்களாவது வர வேண்டும், அதில் ஒருவர் இறந்தவர் இருந்த படைப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும், ஊதுகொம்பில் அந்த இருபத்து நாலு ஸ்வர இரங்கல் மெட்டை வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் பற்றாக்குறை என்று கொம்புக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கருவி வைத்ததைக்கூடப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வாசிக்காமல் விடுவதில்லை.

ஆனால் பாருங்கள், மடித்த கொடியை யார் கையில் கொடுப்பது? பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி நாலு அடி நடக்க ஆறு பேர் வேண்டும், அவர்கள் யார்? சட்டம் கல்லைக் கொடுக்கும், கொம்பைக் கொடுக்கும், மனுஷரைக் கொடுக்க அதால் முடியாது. இந்தப் பிள்ளைகள் போய் நிற்பது அந்த இடத்தில்தான். ஏதோ வினோதமான பொழுதுபோக்கு மாதிரி நீங்கள் போட்டிருந்ததால்தான் இதை இவ்வளவு விளக்கிச் சொல்கிறேன்.

கிளீவ்லண்டிலிருந்து தெற்கே போனால் ஓஹாயோ வெஸ்டர்ன் ரிசர்வ் தேசிய மயானம் வருகிறது. என் மகன் முதன்முதலில் போன அன்று ஓட்டுநராக நானும் போயிருந்தேன். நம் ஊரில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவோம், எனக்கு மயானத்துக்குள் போய் நின்று பழக்கமே இல்லை. அங்கே குழிக்குப் பக்கத்தில் சடங்கு நடப்பதில்லை, தனியாக ஒரு கூரை போட்ட திறந்த மண்டபம் இருக்கிறது, அதில் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், அடக்கத்தை மயான ஊழியர்கள் அப்புறம் செய்வார்கள். பையன்கள் எல்லாரும் கறுப்புக் கோட்டு, டை. போன் எல்லாவற்றையும் வேனிலேயே வைத்துவிட வேண்டும் என்பது விதி. பெட்டியை எப்படிப் பிடிப்பது என்று பள்ளியிலேயே காலிப் பெட்டியை வைத்துப் பழக்குகிறார்கள், உயரத்துக்கு ஏற்ப ஜோடி சேர்ப்பது, ஒரு குரலுக்குத் தூக்குவது, கால் பக்கம் முன்னால் வரும்படி நடப்பது, திரும்பும்போது வெளிப்பக்கத்தில் இருப்பவன் எட்டி வைப்பது, உள்பக்கத்தில் இருப்பவன் நின்ற இடத்திலேயே மிதிப்பது. காற்று வெட்டியெடுத்த அந்தக் குளிரிலும் ஒரு பையன்கூடக் கையைச் சட்டைப்பைக்குள் விடவில்லை.

துப்பாக்கி மரியாதைக்கு வந்தவர்கள் உள்ளூர் முன்னாள் வீரர் சங்கத்துத் தாத்தாக்கள். எழுபது, எண்பது வயது இருக்கும், ஒருவருக்குக் கை நடுக்கம், இருந்தும் மூன்று தடவையும் ஒரே சத்தமாகத்தான் வெடித்தது. கொடியைப் பதின்மூன்று மடிப்பு மடித்தார்கள். முடிவில் சிவப்பே தெரியாது, நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரிகிற முக்கோணம். இதைக் குடும்பத்தாரிடம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு, அமெரிக்க அதிபர் சார்பாகவும் ராணுவத்தின் சார்பாகவும் நன்றியுள்ள நாட்டின் சார்பாகவும் உங்கள் அன்புக்குரியவரின் சேவைக்காக இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வரும். அன்றைக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. கொடியைக் கொடுக்க வந்த ராணுவப் பெண் வரிசையில் முதலில் நின்ற பையன் முன்னால் ஒரு முழங்காலிட்டு, அவன் கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தையும் மாற்றாமல் அதைச் சொன்னாள். 'உங்கள் அன்புக்குரியவர்' என்றுதான் சொன்னாள். அவனுக்குப் பதினேழு வயது, செத்தவரின் பெயரே அன்று காலையில்தான் தெரியும். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் என் பிள்ளை இல்லை, அவனோடு படிக்கிற பையன், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

வீட்டில் இது சுலபமாக நடந்துவிடவில்லை. என் அம்மா குடியாத்தத்திலிருந்து போனில் சண்டை போட்டார். "அப்பா அம்மா உசுரோட இருக்கிற புள்ளை யாரோ ஒருத்தனுக்குத் தோள் குடுக்கிறதா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா" என்று. தீட்டு, பயம், ராத்திரி கனவு வரும், எல்லாம் சொன்னார். நான் பதில் பேசவில்லை. அப்புறம் அவரே ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "அனாதைப் பிரேத சம்ஸ்காரம் கோடி யாகத்துக்குச் சமம்னு பெரியவங்க சொல்லுவாங்க, போகட்டும், வந்ததும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கச் சொல்லு" என்றார். அதோடு தன் பெரியப்பாவைப் பற்றியும் பேசினார். அவர் பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்தவர், அவர்களை 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுவார்கள். உடம்பு முடியாமல் பதினைந்து வருடம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார், அதனால் பென்ஷன் கிடையாது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. செத்தபோது சங்கத்திலிருந்து இரண்டு வயதானவர்கள் பஸ்ஸைப் பிடித்து வந்து மாலை போட்டுச் சல்யூட் அடித்தார்கள் என்றும், பாடையைத் தூக்க நாலாவது ஆளுக்கு டீக்கடையில் போய்க் கூப்பிட்டார்கள் என்றும் அம்மா சொன்னார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

இதை எழுதுவதால் நான் போரைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வியட்நாம் போர் சரியா, ஈராக் போர் சரியா என்று என் மகனோடு சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், அவன் என்னைவிடக் கடுமையாகவே பேசுவான். போரை முடிவு செய்தவர்களுக்குச் சவப்பெட்டி தூக்க ஆள் பஞ்சம் வருவதில்லை. அனுப்பப்பட்ட பையன், கிழவனாகி, ஒரு ஆளும் இல்லாமல் போகிறான், அவனுக்குத்தான் இவர்கள் போகிறார்கள். படைக்குப் போனபோது அவனுக்கு என் மகனைவிட ஒன்றிரண்டு வயதுதான் அதிகம் இருந்திருக்கும்.

சரி, இதை ஏன் தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் வேலூர் மாவட்டம் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய மாவட்டம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெட்டி வைத்த கல்வெட்டு இருக்கிறது, அதன் கீழேதான் காய்கறி வாங்குகிறோம். போரில் இறந்தவருக்கு அரசு மரியாதை, குண்டுகள் முழங்க அடக்கம், அமைச்சர் வருகை எல்லாம் இங்கேயும் நடக்கிறது, நடக்க வேண்டியதுதான். நான் கேட்பது உயிரோடு திரும்பி வந்து, முப்பது நாற்பது வருடம் வாட்ச்மேன் வேலை பார்த்து, முதியோர் இல்லத்திலோ வாடகை அறையிலோ சாகிறவரைப் பற்றி. பென்ஷன் வாங்குகிறவர் இறந்தால் கருவூலத்துக்காவது தெரியும். என் அம்மாவின் பெரியப்பா மாதிரி பென்ஷன் இல்லாதவர் இறந்தால் யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, வசதியற்ற முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது, 2025-ல் அதை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தினார்கள். அதற்கான விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் போகிறது. அப்படியென்றால் மாவட்டத்தில் யார் யார் தள்ளாத வயதில் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்கிற பட்டியல் ஏற்கெனவே ஒரு மேஜையில் இருக்கிறது. இன்னொரு பக்கம் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் தேசிய மாணவர் படை இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாளுக்கு நாம் எல்லாரும் காசு போட்டுச் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி ஞாபகம் இருக்கும், அந்தக் காசு இவர்களுக்காகத்தான் போகிறது. வருடத்துக்கு ஒரு நாள் காசு வாங்குகிற அந்தப் பிள்ளைகளை, தேவைப்படுகிற அன்று ஒரு மணி நேரம் வரச் சொன்னால் வரமாட்டார்களா?

அமெரிக்காவை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. நம் கொடிச் சட்டப்படி அரசு மரியாதையோ ராணுவ, துணை ராணுவ மரியாதையோ உள்ள இறுதிச் சடங்கில் மட்டும்தான் தேசியக் கொடியை உடல்மேல் போர்த்தலாம், மற்றவர்கள் ஆசைக்குப் போர்த்தக் கூடாது, அதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியும் வேண்டாம், கொம்பும் வேண்டாம். சீருடையில் வரிசையாக நின்று ஒரு சல்யூட், தோள் கொடுக்க நாலு பேர், செத்தவர் எந்தப் படைப்பிரிவில் எந்த வருடம் இருந்தார் என்று இரண்டு வரி வாசிக்க ஒருவர், போதும். ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டும். எந்தத் தெரு, எந்தச் சாதிச் சுடுகாடு என்று பார்க்காமல் பிள்ளைகள் போக வேண்டும். நம் ஊரில் பிணம் தூக்குவது யார், எந்த வழியாகத் தூக்குவது என்பதெல்லாம் எவ்வளவு பெரிய விவகாரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா தடுப்பார்கள், என் அம்மா தடுத்த மாதிரி. பேசிப் புரியவைக்க ஆசிரியர்கள் வேண்டும்.

உங்களிடம் நேரடியாக ஒரு விஷயம் கேட்கிறேன். 2013-ல் இங்கிலாந்தில் லித்தம் செயின்ட் ஆன்ஸ் என்ற கடலோர ஊரில் 99 வயதுக்காரர் ஒருவர் முதியோர் இல்லத்தில் இறந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் தரைப்பணியில் இருந்தவர், பக்கத்தில் நெருங்கிய சொந்தம் இல்லை. அவரை அடக்கம் செய்ய வேண்டிய நிலையத்தார் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்புக் கொடுத்தார்கள், ராணுவத்தில் இருந்தவர்கள் யாராவது வர முடிந்தால் வாருங்கள் என்று. நவம்பர் 11 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள், அவரை அறியாதவர்கள்தான் பெரும்பாலும். 2019 ஜனவரியில் டெக்சாஸ் கில்லீனில் உறவினர் வராத ஒரு விமானப்படை வீரருக்கும் இப்படித்தான் நடந்தது, மயானச் சாலை முழுக்கக் கார்கள். இவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்களாக முந்தின நாள்வரை இருந்துவிட்டு அன்று மாறியவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது, யாரோ ஒருவர் சொன்னதும் வந்துவிட்டார்கள்.

அந்தச் சொல்கிற வேலையை உங்கள் பத்திரிகை செய்யலாம். 'காலமானார்' பகுதியில் ஒரு ஓரத்தில் நாலு வரி இடம். ஆதரவற்ற முன்னாள் படைவீரர் இறந்தால் பெயர், படைப்பிரிவு, அடக்கம் எங்கே எப்போது என்று மட்டும் இலவசமாகப் போடுங்கள். மாவட்ட நல அலுவலகம் உறுதி செய்த பிறகே போடுங்கள், போலி ஆட்கள் நுழைய வாய்ப்பிருக்கிறது. நம் ஊரில் உடலை ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை, காலைப் பேப்பருக்கு முந்தின இரவே தகவல் வர வேண்டும், அதனால் உங்கள் இணையப் பதிப்பிலும் சேர்த்தால்தான் பலன் இருக்கும். வேலூர் பதிப்பில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். விளம்பரப் பிரிவில் இடத்துக்குக் கட்டணம் இல்லாமல் முடியாது என்று சொன்னால் எனக்குத் தெரிவியுங்கள், இங்கே உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் சிலரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன், முதல் வருடத்துக்கான தொகையை நாங்கள் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
கிளீவ்லண்ட், ஓஹாயோ